ஓடைப்பட்டி மகாலட்சுமியின் இருதயம்

ஓடைப்பட்டியைத் தாண்டி திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் பச்சை நிழல்வலை போட்ட ஒரு நாற்றுப் பண்ணை இருக்கிறது. தக்காளி, மிளகாய், கத்திரி, காலிஃபிளவர் நாற்றுகள் குழித்தட்டுகளில் வளர்ந்து நிற்கும். பண்ணையின் சொந்தக்காரி மகாலட்சுமி. நாற்று வாங்கப் போய்ப் பழகிய வகையில் அவளையும் அவள் கணவன் சுரேஷ்கண்ணனையும் எனக்குத் தெரியும். இங்கே எழுதுவதில் பாதியை அவள் சொன்னாள், மீதியை அவன் சொன்னான். இருவர் சொன்னதும் ஓரிரண்டு இடங்களில் ஒத்துப்போகவில்லை. அங்கெல்லாம் மகாலட்சுமி சொன்னதையே எடுத்துக்கொண்டேன். உடம்பு அவளுடையது.

அவள் பிறந்தது மார்க்கையன்கோட்டையில், நெல் விளைவிக்கும் குடும்பத்தில். தோட்டக்கலையில் பட்டயம் வாங்கியவள். கல்யாணமாகி ஓடைப்பட்டிக்கு வந்தபோது கணவனுக்குப் பந்தல் திராட்சை இருந்தது. தோட்டத்து ஓரத்தில் சும்மா கிடந்த இடத்தில் நிழல்வலையைக் கட்டி, தென்னைநார்த் தூளை நிரப்பி, நாற்றுத் தொழிலைத் தொடங்கியது அவள்தான். மாமியார் சங்கிலியம்மாளுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. சின்னமனூரிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் டெம்போ வந்து நாற்று ஏற்றிப் போக ஆரம்பித்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு வருடம் பிள்ளையில்லை. சங்கிலியம்மாள் கோயில் கோயிலாகப் போய் வந்தாள். பிறகு மகாலட்சுமி உண்டானாள். பிரசவம் சுகமாக நடந்தது. பெண் குழந்தை. மிதுனா என்று பேர் வைத்தார்கள்.

தாய்வீட்டில் இருந்தபோதுதான் தொந்தரவு ஆரம்பித்தது. கால் வீங்கியது. வாசலில் இருந்து அடுப்படிக்கு நடந்தால் மூச்சு வாங்கியது. படுத்தால் இருமல் வந்தது. அம்மா ராமுத்தாய் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“புள்ள பெத்த உடம்புன்னா அப்படித்தான்த்தா இருக்கும். கெட்ட நீர் வத்தணும்ல.”

பால் நன்றாக ஊற வேண்டும் என்று ராமுத்தாய் சுறாக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். மகளுக்கு வாய்க்கு ருசியாக இருந்தது அது ஒன்றுதான். மகாலட்சுமி தினமும் அதைச் சாப்பிட்டாள். கருவாட்டின் உப்பு உடம்பில் நீரைப் பிடித்து நிறுத்தும் என்பதோ, இருதயத்துக்கு அந்த நீரைத் தள்ளும் தெம்பு இல்லை என்பதோ அந்த வீட்டில் யாருக்கும் தெரிய வழியில்லை.

ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். வீசிங் என்று சொல்லி ஆவி பிடிக்க வைத்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் தேவலை போல இருந்தது. அப்புறம் முன்னைவிட மோசமானது. மகாலட்சுமி படுப்பதையே விட்டுவிட்டு, சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள். இதை அவள் கணவனிடம் போனில் சொல்லவில்லை. திராட்சை வெட்டு நடக்கும் நேரம், அவனை எதற்கு அலைய வைப்பது என்று நினைத்திருக்கிறாள்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள் வந்தது. நடந்து போக முடியாததால் மகாலட்சுமி குழந்தையை அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். தாய் ஏன் வரவில்லை என்று விசாரித்த கிராம செவிலியர் உமாதேவி, ஊசி வேலை முடிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“மூச்சு ஏன் இப்படி வாங்குது? எப்ப இருந்து?”

“வீசிங்னு சொன்னாகக்கா.”

“கல்யாணத்துக்கு முந்தி எப்பவாச்சும் வீசிங் இருந்துச்சா?”

“இல்லக்கா.”

உமாதேவி கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

“கொஞ்சம் மல்லாக்கப் படு பார்ப்போம்.”

“படுக்க முடியலக்கா. படுத்தா மூச்ச அடைக்குது.”

உமாதேவி ராமுத்தாயைப் பார்த்தார். “இது என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா. ஆனா புள்ள பெத்த வீக்கம் மாதிரி தெரியல. இப்பவே தேனிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“சாயங்காலம் இவ அப்பா வந்துரட்டுமே.”

“சாயங்காலம் வரைக்கும் வேணாம்,” என்று சொல்லிக்கொண்டே உமாதேவி ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

தேனியில் அவளைப் பார்த்த இருதய மருத்துவர் பெயர் மகிமா. போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். எக்கோ எடுத்தார்கள். நெஞ்சின் மேல் பசை தடவி ஒரு கருவியை நகர்த்த, திரையில் இருதயம் தெரிந்தது. மகாலட்சுமிக்கு அது துடிப்பது தெரிந்தது. துடிப்பதால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தோட்டத்துச் சட்டையோடு வந்து சேர்ந்த சுரேஷ்கண்ணனை டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். “இருதயம் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் உள்ள இருக்கிற ரத்தத்துல பாதிக்கு மேல வெளிய தள்ளணும். இவங்களுக்குக் கால்வாசிதான் போகுது. மீதி தேங்குது. அந்தத் தேக்கம்தான் நுரையீரல்ல நீரா நிக்குது, கால்ல வீக்கமா நிக்குது.”

“அடைப்பா மேடம்?”

“அடைப்பு இல்ல. தசையே பலவீனமாயிருச்சு. பிரசவத்தை ஒட்டிச் சில பேருக்கு இப்படி வரும். ஏன் வருதுன்னு முழுசாத் தெரியாது. அவங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல.”

இந்தக் கடைசி வாக்கியத்தை சுரேஷ்கண்ணன் என்னிடம் இரண்டு தடவை சொன்னான். டாக்டர் அதைச் சொன்னபோது அவனுக்குப் பக்கத்தில் ராமுத்தாய் அழுதுகொண்டு நின்றிருந்தாள்.

நீர் பிரிய ஊசி போட்டார்கள். மகாலட்சுமிக்கு மறுநாளே மூச்சு வாங்குவது குறைந்தது. கால் பழைய காலாக மெலிந்தது. பல நாளுக்குப் பிறகு படுத்துத் தூங்கினாள். அதன்பின் மாத்திரைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி இருதயத்தின் பாரத்தைக் குறைக்க ஒன்று. உப்பையும் நீரையும் வெளியேற்ற ஒன்று. துடிப்பை நிதானப்படுத்த ஒன்று.

கடைசியாகச் சொன்னதில் சுரேஷ்கண்ணனுக்குச் சந்தேகம் வந்தது. “ஏற்கனவே தெம்பு இல்லாத இருதயம். அதை ஏன் மேடம் இன்னும் மெதுவாக்கணும்?”

“உங்க கிணத்துல வோல்டேஜ் கம்மியா இருக்கும்போது மோட்டாரை விடாம ஓட்டுனா என்ன ஆகும்?”

“காயில் கருகிரும்.”

“அதுதான். பலம் இல்லாத இருதயம் வேகமா ஓடி ஓடி தன்னையே கெடுத்துக்குது. இந்த மாத்திரை அதை ஓய்வா ஓட வைக்கும். சின்ன அளவுல ஆரம்பிச்சு மெல்லக் கூட்டுவோம். கூட்டும்போது அசதியா இருக்கும், பயப்படக் கூடாது.”

இன்னொரு மாத்திரையை ஆஸ்பத்திரிக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, இது சர்க்கரைக்குக் கொடுப்பதாயிற்றே என்று கலவரப்படுத்திவிட்டார். மகாலட்சுமிக்குச் சர்க்கரை இல்லை. டாக்டரைக் கேட்டபோது, அது சர்க்கரைக்காக வந்த மருந்துதான், இருதயம் பலவீனமானவர்களுக்கும் நல்லது செய்கிறது என்று பின்னால் தெரிந்தது, சர்க்கரை இல்லாவிட்டாலும் கொடுக்கிறோம் என்றார்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதாயிற்று. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனும் இந்த நோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து மருத்துவர்களிடம் உண்டு. இவ்வளவு பலவீனமான நிலையில் சுரப்பை நிறுத்துவதே நல்லது என்று டாக்டர் மகிமா முடிவு செய்தார். அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். மகாலட்சுமி வாங்கிப் போட்டுக்கொண்டாள். குழந்தைக்கு ராமுத்தாய் பாட்டிலில் பவுடர் பால் கொடுப்பதை அடுத்த கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பால் கட்டி மார் வலித்தது. மருத்துவமனையில் அவள் அழுதது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னவை: ஊறுகாய், கருவாடு, அப்பளம் கூடாது. தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும். காலையில் எடை பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர்; உடனே போன் செய்ய வேண்டும். கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. அடுத்த கர்ப்பம் கூடாது. சில மாதம் கழித்தும் இருதயம் தேறாவிட்டால் துடிப்பு திடீரென நின்றுவிடாமல் காக்கத் தோலுக்கடியில் ஒரு பேட்டரிக் கருவி வைக்க வேண்டி வரலாம்.

வீட்டில் எடை மிஷின் இல்லை. திராட்சைப் பெட்டி நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு இருந்தது. மகாலட்சுமி காலையில் பல் விளக்கியதும் அதன்மேல் ஏறி நிற்பாள். பழம் எடுக்க வரும் வியாபாரிகள் ஆரம்பத்தில் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

முதல் மாதங்கள் மோசம்தான். மாத்திரை அளவைக் கூட்டும்போதெல்லாம் கைகால் அசந்தது, எழுந்தால் கிறுகிறுத்தது. சங்கிலியம்மாள் உப்பு குறைத்துச் சமைத்துப் பார்த்தாள், முதல் வாரம் குழம்பை யாரும் தொடவில்லை. பிறகு புளியையும் மிளகையும் பூண்டையும் கூட்டி ஒரு பக்குவத்துக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் எல்லாருக்கும் அதே சாப்பாடு. பண்ணையை சுரேஷ்கண்ணனும் முத்துவீரன் என்ற வேலையாளும் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போட்ட மிளகாய் நாற்று ஒரு முழு ஈடு அழுகிப்போனது. அதைக் கேட்ட அன்று மகாலட்சுமி நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி நிழல்வலைக்குள் போய் உட்கார்ந்தாள். அதன்பின் தினமும் போனாள்.

ஒரு வருடத்தில் அவள் தேறினாள். எக்கோவில் இருதயம் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளியது. பேட்டரிக் கருவி தேவையில்லை என்றார்கள். சுரேஷ்கண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் மகாலட்சுமி டாக்டரைக் கேட்டாள்.

“அப்ப குணமாயிருச்சா மேடம்?”

“மாத்திரையோட நல்லா இருக்கு. மாத்திரை இல்லாம எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது.”

“இன்னொரு புள்ள?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வேணாம்னுதான் சொல்லுவேன். முழுசாத் தேறினவங்களுக்கே அடுத்த பிரசவத்துல திரும்ப வந்திருக்கு. நீ இன்னும் முழுசாத் தேறல. நீ சாப்பிடுற மாத்திரைல சிலது வயித்துப் புள்ளைக்கும் ஆகாது. காப்பர்-டி போட்டுக்கச் சொன்னேனே?”

“போட்டுக்கிறேன் மேடம்,” என்றாள். போட்டுக்கொள்ளவில்லை.

சுரேஷ்கண்ணன் மருந்தோடு வந்தபோது, “நல்லா இருக்குன்னு சொன்னாக,” என்று மட்டும் சொன்னாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று நான் கேட்டிருக்கிறேன். மாமியாரின் நச்சரிப்பு ஒரு காரணம் என்றாள். அந்தப் பொங்கலுக்குச் சங்கிலியம்மாள் நேராகவே கேட்டிருந்தாள்: “அடுத்தது ஒரு பேரனைப் பெத்துக் குடுத்துரு ஆத்தா.” ஆனால் அதைவிட, தனக்கே இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இருந்தது என்றாள். மிதுனாவுக்குப் பால் கொடுத்தது சில வாரங்கள்தான். அடுத்ததற்கு முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஆசை. “கிறுக்குத்தனம்தாண்ணே. ஆனா அப்ப அது கிறுக்குத்தனமாத் தெரியல.”

வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாத மாத்திரைகளை முதலில் நிறுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. மற்றவற்றையும் நிறுத்தினாள். அசதி போய் உடம்பு லேசானது. கடையில் மாத்திரை வாங்குவது மட்டும் நடந்தது, வாங்கியதைப் பிரித்து, கழித்துப் போட்ட தென்னைநார்த் தூள் குவியலில் புதைத்தாள். தராசில் ஏறுவதையும் விட்டாள். நன்றாக இருக்கிறவள் எதற்கு நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்து வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டு மூன்று மாதம் ஓடியது. ஒரு மத்தியானம் டெம்போவுக்குத் தக்காளி நாற்றுத் தட்டு ஏற்றிக்கொண்டிருந்தவள், கையிலிருந்த தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சுரேஷ்கண்ணன் ஓடிவந்தான். அவன் முதலில் செய்தது, அவள் கணுக்காலை அழுத்திப் பார்த்தது. குழி விழுந்தது.

தேனியில் டாக்டர் கேட்டார். “மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டியா?”

மகாலட்சுமி கணவனைப் பார்க்காமல் உண்மையைச் சொன்னாள். கர்ப்பம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. இருதயம் மறுபடி இறங்கி, மூன்றில் ஒரு பங்குதான் தள்ளியது. டாக்டர் திட்டவில்லை. நீர் ஊசியில் ஆரம்பித்து, சின்ன அளவு மாத்திரையில் ஆரம்பித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்.

சுரேஷ்கண்ணன் டாக்டரிடம் தனியாகப் பேசினான். மனைவிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடலாமா என்று கேட்டான்.

“இந்த இருதயத்தை வச்சுக்கிட்டு இப்ப மயக்க மருந்து குடுக்கிறது ரிஸ்க். ஆம்பளைக்குச் செய்றது ரொம்ப சுலபம். மரத்துப்போற ஊசி மட்டும் போதும், அன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம். ஆனா ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்க.”

அவன் மனைவியிடம் அதைப் பேசவில்லை. அவள் வீடு திரும்பிச் சில வாரம் கழித்து, தோட்டத்துக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தேனி போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தான். பந்தலில் ஏறாமல், ஸ்பிரேயர் தூக்காமல் இரண்டு நாள் கட்டிலில் கிடந்தான். இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றான். மூன்றாம் நாள் அவளிடம் சொன்னான்.

“என்னைக் கேக்கணும்னு தோணலையா?” என்று கேட்டாள் மகாலட்சுமி.

“நீ மாத்திரைய நிறுத்துனப்ப என்னைக் கேட்டியா?”

“நான் செஞ்சது தப்பு. அதுக்காக நீங்களும் செய்வீகளா?”

“நான் செஞ்சது தப்பு இல்ல. சொல்லாம செஞ்சதுதான் தப்பு,” என்றான் அவன்.

அதன்பின் பல நாள் இருவரும் குழந்தையை வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களில் என்ன நினைத்தாள் என்று கேட்டபோது மகாலட்சுமி சொன்னாள்: “கோவமா இருந்துச்சு. இனிமே புள்ள இல்லன்னு இவுகளே முடிவு பண்ணிட்டாகளேன்னு. ஆனா இனி யாரும் என்னைக் கேக்க மாட்டாக, நானும் ஏங்க வேண்டியதில்லன்னு நிம்மதியாவும் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்தே இருந்துச்சுண்ணே.”

சங்கிலியம்மாளுக்குத் தெரிந்தபோது வீடு ரணகளமானது.

“ஏலே, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? ஒத்தப் புள்ளையா ஒன்னைப் பெத்தேன். நீயும் ஒத்தப் பொட்டப் புள்ளையோட நிப்பாட்டிட்டு வந்துட்ட. ஊருக்குள்ள ஆம்பளன்னு தலை நிமிந்து நடப்பியா?”

“நடப்பேம்மா. நேத்துக்கூட நடந்தேன்.”

அன்று சாயங்காலமே சங்கிலியம்மாள் துணிமணியை எடுத்துக்கொண்டு வடுகபட்டிக்குத் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரிலும் பேச்சு வந்தது. ஆபரேஷன் செய்தவன் இனிமேல் பாரம் தூக்க மாட்டான், பந்தல் வேலை பார்க்க மாட்டான் என்று டீக்கடையில் சொன்னார்கள். சுரேஷ்கண்ணன் அடுத்த வெட்டுக்கு எப்போதும் போலப் பெட்டி தூக்கினான். பேச்சு மெல்ல அடங்கியது. ஆபரேஷன் பலித்திருக்கிறதா என்று பார்க்க, மூன்று மாதம் கழித்துச் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை மகாலட்சுமியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். கூட வருகிறேன் என்று அவளும் கிளம்பினாள். சரியாக இருக்கிறது, இனிப் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வரும் வழியில், வடுகபட்டிக்குப் போகலாம் என்று அவள்தான் சொன்னாள்.

தம்பி வீட்டுக் கூடத்தில் சங்கிலியம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்தும் நிமிரவில்லை. மகாலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து தானும் உரித்தாள்.

“அவுக மேல குத்தம் இல்ல அத்தை. நாந்தான் மாத்திரைய நிறுத்துனேன். அதனாலதான் மறுபடி படுத்தேன். இன்னொரு தடவை உண்டாகியிருந்தா நான் இருந்திருக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாக.”

சங்கிலியம்மாளின் கை நின்றது. “நல்லாத்தானே நடமாடிக்கிட்டு இருந்த. என் கண்ணுக்கு நோவாத் தெரியலையே. தெரிஞ்சிருந்தா நான் பேரன்னு வாயெடுத்திருப்பேனா?”

“மாத்திரை சாப்பிட்டதால நல்லா இருந்தேன் அத்தை. எனக்கே அது வெளங்கல. நல்லா இருக்கேன், அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு நெனச்சுட்டேன்.”

சங்கிலியம்மாள் மடியில் கிடந்த பூண்டுத் தோலைத் தட்டிவிட்டாள். பிறகு, “மிதுனாவ யாரு பாத்துக்கிறா?” என்று கேட்டாள்.

“எங்கம்மா வந்திருக்காக.”

“அவ கருவாட்டுக் கொழம்பு வச்சிருவா,” என்று எழுந்து துணிப்பையைத் தேடினாள். அன்றே அவர்களோடு கிளம்பி வந்தாள். மகனிடம் முகம் கொடுத்துப் பேச அவளுக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

இது நடந்து சில வருடமாகிறது. மகாலட்சுமியின் இருதயம் மறுபடி ஏறி, ஐந்தில் இரண்டு பங்கு தள்ளுகிறது. முதல் தடவை தேறிய அளவுக்கு வரவில்லை, இனி வருமா என்று டாக்டரும் சொல்லவில்லை. மேட்டில் ஏறினால் நின்று மூச்சு விட்டுப் போகிறாள். தட்டு ஏற்றுவதை முத்துவீரன் பார்த்துக்கொள்கிறான். விதை போடுவது, தண்ணீர் அளவு, மருந்து தெளிக்கும் நாள் எல்லாம் அவள் சொல்வதுதான். மிதுனா பள்ளிக்கூட வேனில் போய் வருகிறாள்.

போன மாசி மாதம் கத்திரி நாற்று வாங்கப் போயிருந்தபோது, மாத்திரையை எப்போது நிறுத்துவார்களாம் என்று நான் கேட்டேன்.

“அத இப்ப நான் கேக்குறதில்லண்ணே,” என்றாள். குனிந்து ஒரு தட்டிலிருந்து கத்திரி நாற்று ஒன்றைப் பிடுங்கி, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது இன்னும் பிடிக்கல. அடுத்த வாரம் வாங்க, தாரேன்.”